எடின்பரோவில் ஐந்து நாட்கள்



தேர்வோ பயிற்சியோ முடிந்த மறுநாள் உங்கள் உள்ளத்தில் எழும் முதற் கேள்வி, 'இனி எங்கே போகலாம்?' என்பது. கேட்பது இளமைக்கு இயல்பு. முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்து, அவற்றுள் இறுதிப் பன்னிரண்டு ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இக்கேள்விக்கு நான் நெடுங்காலம் ஒரே விடையைச் சொல்லி வந்தேன். 'வேலை முடிந்ததா? வீட்டுக்குப் போ' என்பதே அவ்விடை. அவ்விடையில் இருந்த குறையை என்னிடம் படித்த பெண் ஒருத்தி எனக்கு உணர்த்தினாள். அவளிடம் நான் கற்றதை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அவள் தந்தையார் எங்கள் ஊரில் சிறு மளிகைக் கடை வைத்திருப்பவர். மகள் நன்றாகப் படித்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். படிப்பின் இறுதியாண்டில், ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகராகிய எடின்பரோவில், ஒரு பெரிய மருத்துவமனையில் நான்கு வாரம் மருத்துவர்களுடன் இருந்து பயில அவளுக்கு இடம் கிடைத்தது. வழிச்செலவுக்காகத் தாயாரின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. நான்கு வாரப் பயிற்சி நல்லபடியாக முடிந்தது. ஊர் திரும்ப ஐந்து நாட்கள் எஞ்சியிருந்தன. விமானச் சீட்டை மாற்றிக்கொண்டு முன்னதாகவே புறப்பட்டு வரவும் வழியிருந்தது. ஆனால் அவளோ, 'ஐந்து நாளும் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று வீட்டுக்கு எழுதிவிட்டாள்.

தந்தையார் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "ஐயா, அங்கே ஒரு நாள் தங்கும் செலவு இங்கே எங்கள் வீட்டுக்கு ஒரு வாரச் செலவு. நான் சொன்னால் என் குழந்தை வருந்துவாள். நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்றார். அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. உடனே கைப்பேசியை எடுத்து, 'அம்மா, போன காரியம் முடிந்தது. வேடிக்கை பார்க்க வாழ்நாள் முழுவதும் இருக்கிறது. அப்பாவின் சுமையை நினைத்துப் பார்' என்று எழுதி அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் விடை வந்தது. 'ஐயா, உங்கள் சொல்லை நான் தட்டுவது இதுவே முதல் முறை. மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் ஒருவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதைத் தீர்க்காமல் வர என் மனம் ஒப்பவில்லை. ஒவ்வோர் இரவும் நான் கண்டதை உங்களுக்கு எழுதுகிறேன். எல்லாவற்றையும் படித்த பிறகு கோபித்துக்கொள்ளுங்கள்.' சொன்னபடியே ஐந்து இரவும் ஐந்து கடிதங்கள் எழுதினாள்.

அந்தக் கடன் இன்னதென்று முதற் கடிதத்திலேயே தெரிந்தது. அவள் பயின்ற வார்டில் எண்பது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் நுரையீரல் நோயுடன் படுத்திருந்தார். காலையில் இவளைக் கண்டதும் முகமலர்ந்து ஏதோ கேட்பார். ஸ்காட்லாந்து மக்கள் பேசும் ஆங்கிலம் நாம் பள்ளியில் கற்கும் ஆங்கிலத்தினின்றும் ஒலியில் மிகவும் வேறுபட்டது. அவர் கேட்டது இவளுக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவோ வெட்கம். ஆதலால் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டு, அவருடைய நோய்க் குறிப்புகளைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் காலை அந்தக் கட்டில் காலியாக இருந்தது. அப்பொழுது செவிலி ஒருவர் சொன்னார்: "பாவம், உன்னிடம் நாள்தோறும் ஒன்றைத்தான் கேட்டார். 'எங்கள் பாலத்தைப் பார்த்தாயா?' என்று கேட்டார். இளமையில் அந்தப் பாலத்துக்கு வண்ணம் பூசியவர் அவர். நீ பார்த்துவிட்டதாகத் தலையாட்டினாய். அதில் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி."

'ஐயா, சாகப் போகிற ஒருவரிடம் பல நாள் பொய் சொல்லியிருக்கிறேன். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். அவர் பேச்சைக் கேட்கவில்லை. நான் மருத்துவராகத் தகுதியுடையவள்தானா என்று எனக்கே ஐயமாக இருக்கிறது' என்று அவள் எழுதியிருந்தாள். அந்த மனநிலையில் இருந்தவளுக்குத்தான், 'வேடிக்கை பார்த்தது போதும்' என்று நான் எழுதியிருந்தேன். கடிதத்தைப் படித்தபோது எனக்கு நாணமாக இருந்தது.

இனி அவள் கண்ட ஊரைச் சொல்கிறேன்.

எடின்பரோ இரண்டு நகரங்கள் ஒட்டிய ஊர். நீண்ட மேட்டின் மீது நெருக்கமான சந்துகளோடு கூடிய பழைய நகரம். அதன் வடக்கே, 1767-இல் ஜேம்ஸ் கிரெய்க் என்பவர் வரைந்த திட்டப்படி நேர்நேரான வீதிகளோடு எழுந்த புது நகரம். மேட்டின் மேற்கு முனையில், அணைந்துபோன எரிமலைப் பாறை ஒன்றின் தலையில் கோட்டை நிற்கிறது. கோட்டையிலிருந்து ஞாயிறு ஒழிந்த நாட்களில் பகல் ஒரு மணிக்கு ஒரு பீரங்கி முழங்கும். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் தங்கள் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொள்வதற்காக 1861-இல் தொடங்கிய வழக்கம் அது. முழக்கம் கேட்டதும் வெளியூரார் திடுக்கிடுவர். உள்ளூரார் கைக்கடிகாரத்தைப் பார்ப்பர். 'முதல் நாள் நான் துள்ளிவிட்டேன். இரண்டாம் நாள் நானும் கடிகாரத்தைப் பார்த்தேன்' என்று எழுதியிருந்தாள். அது ஜூன் மாதம். இரவு பத்து மணி வரை வானத்தில் வெளிச்சம் இருக்கும். ஆகவே கால் கடுக்க நடப்பதற்குப் பொழுது தாராளமாகக் கிடைத்தது.

இரண்டாம் நாள் அவள் கிரேஃபிரையர்ஸ் என்னும் பழைய தேவாலயத்தின் இடுகாட்டுக்குப் போனாள். அதன் வாயிலருகே, இறந்த தலைவனின் கல்லறையைப் பிரியாமல் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்ததாகச் சொல்லப்படும் ஒரு நாயின் சிலை இருக்கிறது. வருவோர் எல்லோரும் அங்கே நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். இவள் கண்ணில் பட்டவை வேறு. இடுகாட்டினுள் சில கல்லறைகளின் மீது கனத்த இரும்புக் கூண்டுகள் இருந்தன. இறந்தவருக்குக் கூண்டு எதற்கு?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடின்பரோ, மருத்துவக் கல்விக்கு உலகப் புகழ் பெற்ற ஊராக இருந்தது. உடற்கூற்றியல் கற்கப் பிணங்கள் வேண்டும். சட்டப்படி கிடைத்தவையோ மிகச் சில. ஆகவே புதைத்த உடல்களை இரவில் தோண்டியெடுத்து விற்கும் கூட்டம் உண்டாயிற்று. அவர்களுக்கு அஞ்சியே வசதியுள்ளவர்கள் கல்லறைகளுக்குக் கூண்டு போட்டார்கள். தோண்டும் தொல்லையும் வேண்டாமென்று துணிந்தவர்கள் பர்க், ஹேர் என்னும் இருவர். 1828-ஆம் ஆண்டில் அவர்கள் பதினாறு பேரைக் கொன்று, ராபர்ட் நாக்ஸ் என்னும் உடற்கூற்றியல் ஆசிரியருக்கு விற்றார்கள். கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் ஏழைகள். தேடி வர ஆள் இல்லாதவர்கள். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பினான். பர்க் 1829 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டான். அவனுடைய எலும்புக்கூடு இன்றும் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1832-இல் வந்த சட்டம் இந்தக் கொடுமையை ஒழித்தது. ஆயினும் ஏழையர் விடுதிகளில் இறந்து, உரிமை கோருவாரற்றுக் கிடந்தவர்களின் உடல்களையே கல்லூரிகளுக்குத் தந்தது. தாமே விரும்பி எழுதிக் கொடுத்தவர்களின் உடல்களை மட்டும் பயன்படுத்தும் இன்றைய நிலை பிற்காலத்தில் உண்டானது.

அன்றிரவுக் கடிதத்தில் அவள் எழுதினாள்: 'ஐயா, முதலாண்டில் எங்கள் மேசை மீது ஒருவர் கிடந்தார். அவர் தாமே உடலைக் கொடுத்தவரா, கேட்பாரற்று இறந்தவரா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்கு அவர் ஓர் எண். நான் கற்ற முதற் பாடம் அவரிடம் கற்றது. அவருக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. இன்று அந்தக் கூண்டின் அருகே நின்று சொன்னேன்.'

மூன்றாம் நாள் அறுவை மருத்துவர் மண்டபத்தைப் பார்க்கப் போனாள். இன்று அங்கே அரியதொரு மருத்துவக் காட்சிச்சாலை இருக்கிறது. அந்த மண்டபத்தின் வாயிலில் 1870 நவம்பர் 18-ஆம் நாள் நடந்த நிகழ்ச்சி, நம் பெண்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. அதற்கு முந்திய ஆண்டில் எடின்பரோ பல்கலைக்கழகம், சோஃபியா ஜெக்ஸ் பிளேக் முதலிய பெண்களை மருத்துவம் படிக்கச் சேர்த்துக்கொண்டது. எழுவர் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான ஈடித் பீச்சி வேதியியல் தேர்வில் சிறந்து நின்றும், அவருக்கு உரிய உதவித்தொகை அவரைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஆண் மாணவருக்குத் தரப்பட்டது. உடற்கூற்றியல் தேர்வு எழுத எழுவரும் அந்த மண்டபத்துக்கு வந்த அன்று, ஒரு பெருங்கூட்டம் வழிமறித்துச் சேற்றை வாரி இறைத்தது. ஓர் ஆட்டைத் தேர்வுக் கூடத்துக்குள் தள்ளிவிட்டார்கள். சேறு படிந்த உடையோடு அப்பெண்கள் உட்கார்ந்து தேர்வு எழுதினார்கள். எழுதி என்ன பயன்? 1873-இல் வழக்குமன்றத் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக முடிந்தது, பட்டம் கிடைக்கவில்லை.

இந்தக் கதையின் ஒரு பகுதி நம் சென்னையில் நடந்தது. எடின்பரோ கதவை அடைத்த இரண்டே ஆண்டுகளில், 1875-இல், சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவர் மேரி ஷார்லீப். அவர் பின்னர் லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885-இல் சென்னையில் பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவமனையே, இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரோடு விளங்குவது. ஈடித் பீச்சியும் நம் நாட்டுக்கு வந்து, பம்பாயில் காமா மருத்துவமனைப் பணிக்குத் தலைமை தாங்கினார். அந்த எழுவருக்கும் எடின்பரோ பல்கலைக்கழகம் 2019-இல் மருத்துவப் பட்டம் வழங்கியது. அப்பொழுது அவர்களில் ஒருவரும் உயிருடன் இல்லை. இன்று அங்கே பயிலும் மாணவியர், அவர்கள் சார்பில் மேடையேறிப் பட்டங்களைப் பெற்றுக்கொண்டனர். 'மருத்துவக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது என் மதிப்பெண்ணால் மட்டும் என்று எண்ணியிருந்தேன். எனக்கு முன் சேறு வாங்கிக்கொண்டவர்கள் இருந்திருக்கிறார்கள்' என்று என் மாணவி எழுதினாள்.

நான்காம் நாளைத் தாவரத் தோட்டத்தில் கழித்தாள். 1670-இல் இரண்டு மருத்துவர்கள் மூலிகை வளர்க்கத் தொடங்கிய சிறு தோட்டம் பிற்காலத்தில் இடம் மாறி, பெருகி, உலகின் பெருந்தோட்டங்களுள் ஒன்றாகியிருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை என்பதை அவள் தந்தையாரிடம் தவறாமல் சொல்லச் சொன்னாள்! அங்கே அவள் அறிந்துகொண்டது ஒன்று என்னையும் வியக்க வைத்தது. எடின்பரோவில் மருத்துவம் கற்ற ராபர்ட் வைட் என்பவர் 1819-இல் சென்னை மாகாணத்துக்கு மருத்துவராக வந்து, தென்னாட்டுத் தாவரங்களை ஆராய்ந்தார். அவருக்காக அத்தாவரங்களை ஓவியமாகத் தீட்டிக் கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர் இருவர். அவர்கள் தீட்டிய நூற்றுக்கணக்கான படங்கள் இன்று அந்தத் தோட்டத்தின் சேமிப்பில் காக்கப்படுகின்றன. வைட் தம் நூல்களால் பெரும்புகழ் பெற்றார். நம் வயல் வரப்பில் முளைக்கும் செடியின் நரம்பையும் நுனியையும் கண்ணூன்றிப் பார்த்து வரைந்த அவ்விருவரின் பெயரை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

ஐந்தாம் நாள் அவள் கடன் தீர்க்கும் நாள். எடின்பரோவிலிருந்து புகைவண்டியில் சிறிது நேரம் சென்றால் ஃபோர்த் என்னும் கடற்கழியின் கரை வரும். அதன் குறுக்கே செந்நிறத்தில், ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கிறது ஃபோர்த் இரயில் பாலம். 1879 டிசம்பரில், அதற்கு வடக்கேயுள்ள டே ஆற்றுப் பாலம் புயலில் இடிந்தது. அதன் மீது சென்ற வண்டியோடு அதில் இருந்தவர் அனைவரும் மாண்டனர். அந்தப் பேரிடரால் பாடம் கற்ற பொறியாளர்கள், எந்தக் காற்றுக்கும் அசையாதபடி இப்பாலத்தை எஃகினால் அமைத்து 1890-இல் திறந்தார்கள். 2015-இல் இது உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. துரு ஏறாமல் இருக்க இதற்கு இடைவிடாது வண்ணம் பூசிக்கொண்டே இருந்ததால், முடிவில்லாத வேலையை 'ஃபோர்த் பாலத்துக்கு வண்ணம் பூசுவது' என்று சொல்வது அந்நாட்டு வழக்கம். பல ஆண்டுகளுக்கு நீடிக்கும் புதுவகைப் பூச்சு 2011-இல் முடிந்த பிறகே அந்த வேலைக்கு ஓய்வு கிடைத்தது. பாலம் கட்டும்பொழுது இறந்த தொழிலாளர்கள் 73 பேர் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கண்டனர். அவர்களுக்கு 2012-இல் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது.

கரையில் ஒரு பலகையில் உட்கார்ந்து அவள் பாலத்தை நெடுநேரம் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் ஏதோ சொன்னார். வழக்கம்போலத் தலையாட்டப் போனவள் நிறுத்திக்கொண்டாள். "எனக்கு விளங்கவில்லை, அன்பு கூர்ந்து மறுபடி சொல்லுங்கள்" என்றாள். அவர் மறுபடி சொன்னார். அப்பொழுதும் விளங்கவில்லை. மீண்டும் கேட்டாள். அவர் சலித்துக்கொள்ளவில்லை, மகிழ்ந்து, நிறுத்தி நிறுத்தி, கையால் காட்டிச் சொன்னார். குளிர்காற்றில் அத்தனை உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்தவர்களைப் பற்றித்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவள் வண்டியேறிப் பாலத்தைக் கடந்து அக்கரை போய் வந்தாள்.

'ஐயா, பாலத்தைப் பார்த்துவிட்டேன் என்று அந்தத் தாத்தாவுக்கு இனிச் சொல்ல முடியாது. ஆனால் என் குற்றம் எது என்று தெரிந்துகொண்டேன். மொழி தெரியாதது குற்றமில்லை. மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க வெட்கப்பட்டதே குற்றம். இனி எந்த நோயாளியிடமும் அந்த வெட்கம் எனக்கு வராது.' இதுவே ஐந்தாம் கடிதத்தின் முடிவு.

மாணவர்களே, இக்கடிதங்களைப் படித்தபோது என் பழைய செயல் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் தலைமையாசிரியனாக இருந்த ஓர் ஆண்டில், தேர்வு முடிவு குறைந்துவிடும் என்று அஞ்சி, பத்தாம் வகுப்பாருக்குத் திட்டமிட்டிருந்த கங்கைகொண்ட சோழபுரப் பயணத்தை நிறுத்திவிட்டுச் சிறப்பு வகுப்பு வைத்தேன். அந்த வகுப்பில் படித்தவர்கள் இன்று என்னைக் காணும்போது, அச்சிறப்பு வகுப்பைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. நின்றுபோன பயணத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அதற்கு என்னிடம் விடை இல்லை.

ஆயினும் கண்ட இடமெல்லாம் சுற்றுவது கல்வியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து நாளில் ஐம்பது இடங்களைப் பார்த்து, ஐந்நூறு படங்களோடு ஒன்றும் அறியாமல் திரும்புவோர் உண்டு. அந்தப் பெண்ணிடம் நான் கற்ற முறை எளியது. நாளுக்கு ஓரிடம் போதும்; இயன்றவரை நடந்து செல்லுங்கள். எதைக் கண்டாலும், இதைக் கட்டியவர் யார், இதற்கு விலை கொடுத்தவர் யார் என்று கேளுங்கள். விளங்காததை விளங்காதென்று சொல்லி, மறுபடி கேளுங்கள். அன்று கண்டதை அன்றிரவே, உங்களிடம் அன்புள்ள ஒருவருக்கு எழுதுங்கள். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. அவள் அந்த ஐந்து நாளும் ரொட்டியும் பழமும் உண்டு, எளியதொரு விடுதியில் தங்கி, செலவுக் கணக்கைத் தந்தையாருக்கு வரிவரியாக எழுதினாள். எடின்பரோவுக்குப் போகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் ஊர்ப் பாலத்தைக் கட்டியவர் யார், உங்கள் ஊர் மருத்துவமனை எப்பொழுது எழுந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

அவள் இப்பொழுது ஓர் அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். முதல் சில மாதங்களின் உதவித்தொகையைச் சேர்த்துத் தாயாரின் வளையல்களை மீட்டுக் கொடுத்தாள். சென்ற மாதம் உறவினர் ஒருவரைக் காண அம்மருத்துவமனைக்கு நான் போயிருந்தேன். வார்டின் கோடியில், பல் இல்லாத பாட்டி ஒருத்தி குழறிக் குழறி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே குனிந்து நின்ற மருத்துவர், "விளங்கவில்லை பாட்டி, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். குரலைக் கொண்டே யாரென்று அறிந்தேன். வேலை நேரத்தில் அவளைத் தொல்லைப்படுத்தாமல் திரும்பிவிட்டேன்.